வெயில்முத்து வண்டியின் கும்பிடு

ஆடி மாதத்து இரண்டாம் ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பதரை மணிக்கு, மில் காலனி இரண்டாவது தெருவில், வெயில்முத்துவின் மோட்டார் சைக்கிள் கீரைக்கார இசக்கியம்மாளுக்குக் கும்பிடு போட்டது. ஒப்புக்குப் போட்ட கும்பிடு இல்லை, சைடு ஸ்டாண்டில் சாய்ந்து நின்ற வண்டி, யாரும் தொடாமல், முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க் குழாய் இரண்டும் மெல்ல மெல்ல உள்ளே இறங்கி, ஹெட்லைட் தரையைப் பார்க்க, மட்கார்டு டயரைத் தொடுகிற அளவுக்குக் குனிந்து, ஒரு மூச்சு நேரம் அப்படியே நின்று, பிறகு ஸ்ஸ் என்ற சத்தத்தோடு நிமிர்ந்தது. இசக்கியம்மாள் தலைக் கூடையை இறக்காமலே, "நல்லாருய்யா, நல்லாரு" என்று வண்டியைப் பார்த்துச் சொல்லிவிட்டு, "ஏத்தா மரகதம், அரைக்கீரையா பொன்னாங்கண்ணியா?" என்று வீட்டுப் பக்கம் குரல் கொடுத்தாள்.

வெயில்முத்து அப்போது வாசற்படியில் உட்கார்ந்து மண்ணெண்ணெய்த் துணியால் விரல் விரலாகத் துடைத்துக்கொண்டிருந்தார். அரசு மேல்நிலைப் பள்ளியில் ஆய்வக உதவியாளர், வயது நாற்பத்தாறு, அந்த நாற்பத்தாறு வருஷத்தில் தன் கழுத்து எவனுக்கும் வளைந்ததில்லை என்பதில் அவருக்கு இருந்த பெருமை, மற்றவர்கள் பிள்ளைகளின் மார்க்கைச் சொல்லிப் பெருமைப்படுவார்களே, அதைவிட ஒரு படி மேல். தலைமையாசிரியருக்கு வணக்கம் சொல்வதென்றாலும் புருவத்தை மட்டும் தூக்கி இறக்குவார். கோயிலில்கூட நிமிர்ந்து நின்றுதான் திருநீறு வாங்குவார், பூசாரிதான் எக்கிப் பூசிவிட வேண்டும். அப்படிப்பட்டவர் தன் கையாலேயே ஃபோர்க்கைப் பிரித்துச் சீலும் ஆயிலும் மாற்றிய வண்டி, கீரைக்காரிக்குக் குனிந்து நிமிர்ந்ததைப் பார்த்ததும் அவருக்குத் தோன்றியது ஒன்றே ஒன்றுதான். ஆயில் பத்து மில்லி குறைந்திருக்குமோ?

அவரே ஏன் மாற்ற வேண்டும், ஊரில் மெக்கானிக் இல்லையா என்றால், இருந்தான், அதுதான் வினையே. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் சோலைராசு அவருடைய மச்சினன், மனைவி மரகதத்தின் கூடப் பிறந்த தம்பி. இரண்டு வருஷத்துக்கு முன் சோலைராசு புது வீடு கட்டிப் பால் காய்ச்சியபோது, அழைப்பிதழில் மூத்த மருமகனான வெயில்முத்துவின் பெயரை, இளைய மருமகனான சென்னைக்காரனின் பெயருக்குக் கீழே அச்சடித்துவிட்டான். பந்தியில் பக்கத்து இலைக்காரர் அதைக் காட்டிக்கொடுக்க, வெயில்முத்து சாம்பார் சாதத்தில் கை வைத்தபடியே எழுந்து, இலையை மூடாமல் போய்விட்டார். "அவன் வந்து கேக்கட்டும்" என்று இவர் இருந்தார். "பிரஸ்ஸுல மாத்திப் போட்டுட்டாய்ங்க, ஒரு வார்த்தை கேட்டிருந்தா சொல்லியிருப்பேன், ஊரே பாக்கப் பந்தியில இருந்து எந்திரிச்சவரு அவருதான், அவரு வரட்டும்" என்று அவன் இருந்தான். யார் முதலில் தலை குனிவது என்பதில் இரண்டு வருஷம் ஓடிப்போயிற்று. அந்த ஊர் மெக்கானிக்குகளுக்குள் ஒரு வழக்கம் உண்டு, ஒருத்தனுடைய சொந்தக்காரன் வண்டியில் இன்னொருத்தன் ஸ்பேனர் வைக்க மாட்டான். ஆகவே வெயில்முத்துவின் வண்டி ஃபோர்க்கில் ஆயில் கசிந்து, வேகத்தடைக்கு வேகத்தடை டொக்கு டொக்கென்று இடித்தபோது, ஊரில் ஒரு கடைக்காரனும் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை.

இந்த வீம்பில் மாட்டிக்கொண்டு முழித்தது மரகதம்தான். மகள் நிறைமதிக்கு ஐந்து வயது முடியப்போகிறது, இன்னும் காது குத்தவில்லை. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும், தாய்மாமனுக்கும் மச்சானுக்கும் பேச்சு இல்லை. மூன்று தடவை நாள் பார்த்து மூன்று தடவை தள்ளிப் போட்டாயிற்று. தெருவில் அந்த வயதுப் பிள்ளைகளெல்லாம் தோட்டைப் போட்டுக்கொண்டு திரிய, நிறைமதி மட்டும் இரண்டு வேப்பங்குச்சிகளை நூலில் கட்டிக் காதில் தொங்கவிட்டுக்கொண்டு விளையாடினாள். அதைப் பார்த்த அன்று மரகதம் அடுக்களையில் நின்று அழுதாள். "எந்தம்பி மடி இல்லாம எம்பிள்ளைக்கு ஊசி படக் கூடாது. இந்த ஆவணி தப்புச்சுன்னா, நான் என் பிள்ளையத் தூக்கிட்டு அவன் வீட்டுக்கே போயிருவேன், நீங்க உங்க கழுத்தைக் கட்டிக்கிட்டு இங்கயே கெடங்க" என்று சொன்னாள். சொன்னால் செய்கிறவள் என்பது வெயில்முத்துவுக்குத் தெரியும். தெரிந்தும் கழுத்து வளையவில்லை.

அதனால்தான் சனிக்கிழமை மத்தியானம் அவரே உட்கார்ந்தார். இன்ஜினுக்கு அடியில் பலகை முட்டுக்கொடுத்து, முன்சக்கரத்தைக் கழற்றி, மட்கார்டைக் கழற்றி, ஃபோர்க் குழாய் இரண்டையும் உருவித் தலைகீழாகப் பிடித்தபோது, பழைய ஆயில் கறுப்பாக, அழுகின மீன் நாற்றத்தோடு, மரகதத்தின் மாவுச் சட்டியில் இறங்கியது. அந்தச் சட்டிக்காக நடந்த சண்டை தனிக் கதை. பழைய சீலை, அதாவது ஆயிலை வெளியே விடாமல் பிடித்துவைக்கிற ரப்பர் வளையத்தை, ஸ்க்ரூ டிரைவரால் நெம்பி எடுத்தார். புதுசை உள்ளே வைத்துப் பிளாஸ்டிக் குழாய்த் துண்டால் தட்டித் தட்டி இறக்கினார். பள்ளிக்கூடத்து அளவு ஜாடியைக் கொண்டுவந்து, கண்ணை மட்டத்துக்கு நேராக வைத்து, ஒரு பக்கத்துக்கு நூற்றெழுபத்தைந்து மில்லி, மறு பக்கத்துக்கு நூற்றெழுபத்தைந்து மில்லி என்று புது ஆயிலை ஊற்றினார். ஞாயிற்றுக்கிழமை காலையில் எல்லாவற்றையும் மாட்டி முடித்து, ஒரு போல்ட் மிச்சமாகிவிட, அதை யாரும் பார்க்காமல் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

இசக்கியம்மாளுக்கு அடுத்ததாக வண்டி குனிந்தது துப்புரவு வண்டி தள்ளிவந்த மேரிக்கு, அதற்கப்புறம் பால்காரருக்கு, அதற்கப்புறம் தினம் பட்டப்பகலில் குடித்துவிட்டுத் தெருவை அளந்துகொண்டு போகும் கொத்தனார் செவ்வந்திக்கு. செவ்வந்தி பதிலுக்குக் கும்பிடப் போய் வண்டியின் மேலேயே விழுந்து, அங்கேயே கொஞ்ச நேரம் தூங்கிவிட்டுப் போனான். தெரு இதை ஒரே நாளில் பழகிக்கொண்டது. யாரும் டிவிக்காரனைக் கூப்பிடவில்லை, யாரும் குங்குமம் வைக்கவில்லை, வைக்கப் போன ஒருத்தியையும் மரகதம் துரத்திவிட்டாள். எதனால் குனிகிறது என்பதில் யாருக்கும் அக்கறை இல்லை, யாருக்குக் குனிகிறது என்பதில்தான் தெருவே குடிமுழுகினாற்போல் அக்கறைப்பட்டது. பெண் பார்க்க வந்தவர்கள் மாப்பிள்ளைப் பையனை அந்தப் பக்கம் இரண்டு தடவை நடத்திக் கூட்டிப்போனார்கள். கல்யாணத் தரகர் "நல்ல குடும்பம், சொந்த வீடு, வண்டி கும்பிட்ட பையன்" என்று வரிசையில் சேர்த்துச் சொல்ல ஆரம்பித்தார். வார்டு கவுன்சிலர் பன்னிரண்டு பேரோடும் ஒரு மாலையோடும் வந்து நின்றார். வண்டி நன்றாகவே குனிந்தது, ஆனால் அந்த நேரம் பார்த்துக் கவுன்சிலருக்குப் பின்னால் இசக்கியம்மாள் கீரை விற்றுக்கொண்டிருந்தாள். இவரா அவளா என்று தெருவில் இரண்டு கட்சி ஆகி, ஒரு வாரம் வரை அது தீரவில்லை.

காலனிச் சங்கத் தலைவர் அழகர்சாமி, ஓய்வுபெற்ற தாசில்தார், அவர் பட்ட பாடுதான் பெரிய பாடு. கையெழுத்துக்காக ஒரு தாலுகாவே தன் முன்னால் கைகட்டி நின்றது என்று சொல்கிறவருக்கு, ஒரு வண்டி கும்பிடு தர மறுத்தால் எப்படி இருக்கும்? காலை நடையில் அந்த வாசலை ஏழு தடவை கடந்தார். வேட்டியில் கடந்தார், பேன்ட்டில் கடந்தார், கோட்டுப் போட்டுக்கொண்டு ஆடி வெயிலில் கடந்தார். தன் பெயர் போட்ட பழைய ஆபீஸ் பலகையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டுகூட ஒரு தடவை கடந்தார். வண்டி கம்பம் மாதிரி நின்றது. கடைசியில் ஒரு நாள் அவர் சம்சாரத்துக்குக் காய்ச்சல் வந்து, அவரே குப்பை வாளியைத் தூக்கிக்கொண்டு, பனியனோடு, முணுமுணுத்தபடி தெருமுனைக்குப் போனபோது வண்டி அவருக்குக் குனிந்த குனிவு இருக்கிறதே, அப்படி ஒரு குனிவை அதற்கு முன்னும் பின்னும் யாரும் பார்க்கவில்லை. அவர் கவனிக்கவில்லை. தெரு முழுக்கப் பார்த்தது, இன்றைக்கு வரைக்கும் ஒருத்தரும் அவரிடம் சொல்லவில்லை.

இதெல்லாம் வண்டி நிற்கும்போது நடந்தது. ஓடும்போது நடந்ததுதான் வெயில்முத்துவின் தலைவலி. ஆள் மேலே உட்கார்ந்திருக்க வண்டி குனிந்தால் ஆளும் சேர்ந்துதானே குனிய வேண்டும்? பள்ளிக்கூடம் போகிற வழியில் மேரிக்கு ஒரு குனிவு, செருப்புத் தைக்கிற பவுலுக்கு ஒரு குனிவு, ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் கூட்டமாக வந்தால் தொடர்ந்து பதினைந்து குனிவு என்று, நாற்பத்தாறு வருஷம் விறைத்து நின்ற கழுத்து நாளுக்கு நூறு தடவை இறங்கி ஏறியது. முதல் வாரம் பல்லைக் கடித்துக்கொண்டு போனார். இரண்டாம் வாரம் "வெயில்முத்து சாரு முன்ன மாதிரி இல்லப்பா, தன்மையான ஆளு" என்று டீக்கடையில் பேசினார்கள். பவுல் அவர் செருப்பைக் கேட்காமலே வாங்கித் தைத்துக் கொடுத்தான். தலைமையாசிரியர் முதல் தடவையாக அவரை உட்காரச் சொன்னார். ரகசியமாகச் சொன்னால் அவருக்கு இது பிடித்திருந்தது. பிடரியில் இத்தனை வருஷமாக இருந்த வலி போய்விட்டது. ஆனால் யாராவது கேட்டால், "நான் எங்க குனியிறேன்? வண்டி குனியுது, நான் உக்காந்திருக்கேன்" என்பார்.

அந்த வாக்கியத்தைத்தான் மரகதம் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். ஆவணி பிறந்த முதல் ஞாயிறு, காலனிச் சங்கக் கூட்டத்தில், தண்ணீர்த் தொட்டி கழுவுகிற விஷயம் முடிந்ததும் அவள் எழுந்து நின்றாள்.

"தலைவரே, எனக்கு ஒரு ஞாயம் சொல்லணும். இவுக வண்டி ஒருத்தரக் கும்பிட்டா, அது இவுக கும்பிட்டதா, இல்லையா?"

அழகர்சாமி கண்ணாடியைக் கழற்றினார். வண்டியின் மேல் அவருக்கு இருந்த கோபத்துக்கு, அதை எப்படியாவது யாருடைய பொறுப்பிலாவது கட்டிவைக்க வேண்டும் என்று காத்திருந்தவர்.

"வண்டி யார் பேர்ல ரிஜிஸ்டர் ஆகியிருக்கு?"

"இவுக பேர்லதான்."

"வண்டி ஒருத்தன இடிச்சா கேஸு யார் மேல வரும்? ஓனர் மேல. இடிச்சது ஓனர்னா, கும்பிட்டதும் ஓனர்தான். இதுல அப்பீலே கிடையாது."

எல்லோரும் கை தட்டினார்கள். வெயில்முத்துவின் நெஞ்சிலிருந்து ஒரு பெரிய கல் உருண்டு போய்விட்டது. மச்சினன் முன்னால் வண்டி குனியும், தான் உட்கார்ந்திருப்பார், காரியமும் முடியும், கழுத்தும் தப்பும். "நீ ஆசைப்படுற, நாளைக்குக் கிருஷ்ண ஜெயந்தி லீவு, வேணும்னா போய்ட்டு வருவோம்" என்று மரகதத்திடம் சொன்னபோது, அவருக்கே தன் குரலில் இருந்த சந்தோஷம் வெட்கமாக இருந்தது.

மறுநாள் காலை நிறைமதி பெட்ரோல் டேங்கின் மேலும் மரகதம் பின்னாலும் உட்கார, வண்டி புறப்பட்டது. பின்னாலேயே இரண்டாவது தெருவில் பாதி, இரண்டு ஷேர் ஆட்டோவில் தொங்கிக்கொண்டு வந்தது. பூக்காரிக்கு ஒரு கும்பிடு, பஸ் கண்டக்டருக்கு ஒரு கும்பிடு, ரோட்டில் படுத்திருந்த எருமைக்கு ஒரு கும்பிடு என்று போட்டுக்கொண்டே போய், சோலைராசு ஒர்க்‌ஷாப் வாசலில் நின்றது. டயரைக் கழற்றிக்கொண்டிருந்த சோலைராசு நிமிர்ந்து பார்த்தான். அக்காவைப் பார்த்தான், பிள்ளையைப் பார்த்தான், வண்டியின் மேல் நெட்டுக்குத்தலாக உட்கார்ந்திருந்த மச்சானைப் பார்த்தான். கும்பிடுகிற வண்டியைப் பற்றி அவனும் கேள்விப்பட்டுத்தான் இருந்தான். எல்லோரும் காத்திருந்தார்கள்.

வண்டி குனியவில்லை.

வெயில்முத்து தொண்டையைச் செருமினார். ஹேண்டிலைத் தட்டினார். யாருக்கும் தெரியாது என்று நினைத்துக்கொண்டு முன் பிரேக்கைப் பிடித்து, உடம்பின் பாரத்தையெல்லாம் கையில் போட்டு அழுத்தினார். எருமைக்குக் குனிந்த வண்டி, இசக்கியம்மாளுக்கும் செவ்வந்திக்கும் குனிந்த வண்டி, நட்டுவைத்த கல்லாக நின்றது. வெயில்முத்துவுக்குக் காது சூடேறியது. இனி இரண்டே வழி; தானாக இறங்கித் தலை குனிய வேண்டும், அல்லது வண்டியைத் திருப்ப வேண்டும். திருப்பினால் மரகதம் கூட வர மாட்டாள், பிள்ளையும் வர மாட்டாள். பின்னால் அவள் மூச்சு விடுவதை நிறுத்தியிருந்ததை அவர் முதுகு கேட்டது. அவர் கை கிளட்ச்சில் இருந்தது. அந்தக் கை எந்தப் பக்கம் போயிருக்கும் என்று அவராலேயே கடைசிவரை சொல்ல முடியவில்லை.

காப்பாற்றியது சோலைராசுவின் தொழில் புத்தி. எதிரே நிற்பது ஜென்ம விரோதியே ஆனாலும், பிரேக் பிடித்து அழுத்தியும் இறங்காத ஃபோர்க்கை ஒரு மெக்கானிக்கால் எத்தனை நேரம் பார்த்துக்கொண்டு நிற்க முடியும்? "ஜாமாயிருக்கு" என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு, முன்சக்கரத்துக்கு எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்தான். இடது குழாயில் விரலை ஓட்டினான், ஆயில் ஈரம் பட்டது. சீலுக்கு மேல் தூசி படாமல் மூடியிருக்கும் டஸ்ட் கவரை நெம்பித் தூக்கி உள்ளே எட்டிப் பார்த்தான், பிறகு வாய்விட்டுச் சிரித்தான்.

"யாருப்பா இந்தச் சீலைப் போட்டது? தலைகீழாப் போட்டு வச்சிருக்கான்!"

தலைமையாசிரியர் சொல்லியிருந்தால்கூட வெயில்முத்து பொறுத்திருப்பார். அளவு ஜாடி வைத்து, கண்ணை மட்டத்துக்கு வைத்துச் செய்த வேலை அது. "எங்க தலைகீழ்? எங்க காட்டு!" என்று மரகதம் இறங்கினாளா என்றுகூடப் பார்க்காமல் குதித்து இறங்கி, ஸ்டாண்டைத் தட்டிவிட்டு, அவனுக்கு எதிரே குந்தி உட்கார்ந்து, கழுத்தை நீட்டித் தலையைத் தாழ்த்தி உள்ளே பார்த்தார்.

"நம்பர் எழுதியிருக்கிற பக்கம் மேல வரணும். எங்க இருக்கு நம்பர்? அடியில போய்க் கெடக்கு."

"மேல வந்தா என்ன, கீழ வந்தா என்ன? வளையந்தான?"

"பேரு கீழ போனதுக்குப் பந்தியில இருந்து எந்திரிச்ச ஆளு பேசுற பேச்சா இது?"

கேட்டுவிட்டு அவன் இன்னும் நன்றாகப் பார்க்கக் குனிய, இவரும் இன்னும் நன்றாகப் பார்க்கக் குனிய, இரண்டு மண்டையும் ஃபோர்க்குக்கு முன்னால் ணங்கென்று மோதி, இரண்டு பேரும் தலையைப் பிடித்துக்கொண்டு அப்படியே ஆயில் தரையில் உட்கார்ந்துவிட்டார்கள்.

"பாத்தீகளா எல்லாரும்?" மரகதத்தின் குரல் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கேட்டது. "ரெண்டு தலையும் ஒண்ணா இறங்குச்சு. எது முந்தி, எது பிந்தின்னு சொல்ல எவனுக்காச்சும் வாய் இருக்கா?"

அழகர்சாமி ஏதோ சொல்ல வந்தார், ஆட்டோவிலிருந்த இசக்கியம்மாள் அவர் சட்டையைப் பிடித்து உட்கார வைத்தாள். மரகதம் நிறைமதியைத் தூக்கிக்கொண்டு போய், நெற்றியைத் தேய்த்தபடி சம்மணமிட்டுக் கிடந்த தம்பியின் மடியில் பொத்தென்று உட்கார வைத்தாள். பிறகு எதிர்த்த டீக்கடையைப் பார்த்து, "ஆசாரி, வாங்க!" என்று கூப்பிட்டாள். டீக்கடை பெஞ்சிலிருந்து பிச்சையா ஆசாரி, ஊசியும் தங்கக் கம்பியும் வைத்த டப்பாவோடு, வாயைத் துடைத்துக்கொண்டு எழுந்து வந்தார். வண்டி குனிந்தாலும் சரி, குனியாவிட்டாலும் சரி, காது குத்தாமல் வீடு திரும்புவதில்லை என்று அவரைக் காலை ஏழு மணிக்கே அங்கே உட்கார வைத்திருந்தாள்.

சோலைராசு மடியில் இருந்த பிள்ளையைப் பார்த்தான். கடைசியாக அவன் பார்த்தபோது அவளுக்குப் பேச்சே சரியாக வராது.

"நீதான் எங்க மாமாவா?" என்று கேட்டாள் நிறைமதி. "உன் கையி ஏன் கறுப்பா இருக்கு?"

அவனுக்குக் கண் நிறைந்துவிட்டது. துடைக்கவும் முடியவில்லை, கை நிறைய கிரீஸ். ஆசாரி ஊசியை எடுத்ததும் பிள்ளை சங்கு ஊதினாற்போல் அலறித் திமிற, அவன் கையை விரித்துக்கொண்டு திண்டாடி, இரண்டு வருஷத்துக்கு அப்புறம் முதல் தடவையாக அந்த வார்த்தையைச் சொன்னான்.

"மச்சான், தலையப் பிடிங்க மச்சான். என் கை பூரா ஆயிலு."

மடியிலிருக்கும் பிள்ளையின் தலையைப் பிடிப்பதென்றால் எதிரே மண்டியிட்டு, மச்சினன் முழங்காலில் தன் நெற்றி படுகிற அளவுக்குக் குனிய வேண்டும். வெயில்முத்து குனிந்தார். வண்டி இல்லை, பிரேக் இல்லை, சங்கத் தலைவரின் தீர்ப்பு இல்லை, அவராகவே குனிந்தார். "பிடிச்சிட்டேன் மாப்ளே, நீ காலைப் பிடி" என்றார்.

பிற்பாடு வண்டி குனிந்ததா, நின்றுபோயிற்றா என்று கேட்கிறவர்கள் இரண்டாவது தெருவுக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளட்டும். இசக்கியம்மாள் ஒன்று சொல்வாள், செவ்வந்தி ஒன்று சொல்வான். அந்தக் காலையில் அந்த வண்டியை ஒருத்தரும் பார்க்கவில்லை. எல்லோரும் பார்த்தது நிறைமதியைத்தான். இரண்டு காதிலும் தங்கக் கம்பி, அழுது வீங்கின முகம், ஆளாளுக்குப் பிடித்ததில் இடது கன்னத்தில் ஒரு கட்டை விரல் அளவுக்குக் கறுப்பு ஆயில் கறை. அது மாமன் விரலா அப்பன் விரலா என்று தெரியவில்லை. கூட்டத்தில் ஒருத்தி முந்தானையை நனைத்துக்கொண்டு துடைக்க வந்தாள். மரகதம் அவள் கையைத் தட்டிவிட்டாள்.

"அது இருக்கட்டும்க்கா," என்றாள், அழுதுகொண்டும் சிரித்துக்கொண்டும். "எம்பிள்ளைக்குத் திருஷ்டி படாம இருக்கும்."